ஆளுக்கு முப்பது ரூபாய்

செகந்திராபாத் சீதாபல்மண்டியில் எங்கள் சந்து முனையில் ஒரு வேப்பமரம் நிற்கிறது. 2009-இல் செவ்வாய்க்கிழமைதோறும் காலை ஏழு மணிக்கு அதன் அடியில் பிளாஸ்டிக் பாய் விரிப்பார்கள். பத்துப் பெண்கள் ஐந்தைந்து பேராக இரண்டு வரிசையில் உட்காருவார்கள். ஒருவர் இட்லி வண்டி வைத்திருந்தார். ஒருவர் பூக்கட்டினார். ஒருவர் சேலைக்கு ஃபால்ஸ் தைத்தார். நான்கு பேர் வீட்டு வேலைக்குப் போனார்கள். மற்றவர்களுக்கு அப்பளம், தையல், காய்கறி என்று ஏதோ ஒன்று. பைக்கில் கடன் நிறுவனத்துப் பையன் ஒருவன் வந்து இறங்குவான். எல்லாரும் எழுந்து நின்று உறுதிமொழி சொல்லிவிட்டு உட்காருவார்கள். பிறகு பணம் எண்ணும் சத்தம்தான் கேட்கும். 12,000 ரூபாய்க் கடன், 50 வாரம், வாரத்துக்கு 270 ரூபாய்.

அந்தப் பாய்க்கு எதிர்வீட்டு மாடியில் நான் குடியிருந்தேன், இன்றும் இருக்கிறேன். கணவர் லாலாகுடா ரயில்வே பணிமனையில் வேலை பார்த்தார். விழுப்புரத்திலிருந்து கல்யாணமாகி இங்கே வந்தபோது எனக்குத் தெலுங்கில் 'நீளு' என்ற ஒரு சொல்தான் தெரியும், அதுவும் தண்ணீர்க் குழாயடியில் கற்றது. மீதித் தெலுங்கு இந்தச் சந்துப் பெண்களிடம் கற்றது. அதனால் அந்தக் காலைகளில் கீழே நடந்தது எனக்கு அந்நியர் கதை ஆகாது.

ஆகஸ்டில் ஃபால்ஸ் தைப்பவரின் பையனுக்கு டெங்கு. காந்தி ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள், அம்மா கூடவே இருந்தார். செவ்வாய்க்கிழமை அவருடைய இடம் காலி. மற்ற ஒன்பது பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், ஆளுக்கு முப்பது ரூபாய் எடுத்தார்கள், கணக்கு முடிந்தது. யாரும் யாரையும் கேட்கவில்லை. அன்று சாயங்காலம் இட்லி வண்டிக்காரர் தூக்குவாளியில் இட்லியோடு ஆஸ்பத்திரிக்குப் போனார்.

இரண்டாவது வாரமும் முப்பது ரூபாய் வந்தது. ஆனால் ஒருவர் தன் வீட்டில் புருஷன் சத்தம் போட்டதாகச் சொன்னார், இன்னொருவர் சில்லறை இல்லை என்று எழுந்துபோய்க் கடன் வாங்கி வந்தார்.

மூன்றாவது வாரம் யாரிடமும் இல்லை, அல்லது யாருக்கும் மனமில்லை. முழுப் பணம் சேராமல் நான் எழுந்திருக்க முடியாது என்றான் பையன். இந்த மையத்துக்கு அடுத்த கடன் வராது என்றும் சொன்னான். எட்டு மணி ஆயிற்று, ஒன்பதாயிற்று. வீட்டு வேலைக்குப் போகிறவர்களின் செல்போன்கள் அடித்துக்கொண்டே இருந்தன. இட்லி வண்டி வெயிலில் நின்றது, மாவு புளித்துக்கொண்டிருந்தது. பத்தரை மணிக்கு இட்லி வண்டிக்காரர்தான் முதலில் எழுந்தார். மற்ற எட்டுப் பேரும் அவர் பின்னால் ஃபால்ஸ் தைப்பவரின் வீட்டுக்குப் போனார்கள். அவருடைய மகன் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பி இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. வாசலில் வைத்துக் கேட்ட வார்த்தைகளை இங்கே எழுத எனக்கு விருப்பமில்லை. தூக்குவாளியில் இட்லி கொண்டுபோன அதே ஆளின் வாயிலிருந்து அவை வந்தன. ஃபால்ஸ் தைப்பவர் உள்ளே போய் மூக்குத்தியைக் கழற்றிக்கொண்டு வந்தார். சேட்டு கடை இரண்டு தெரு தள்ளி. பதினொன்றரைக்குக் கணக்கு முடிந்தது.

அதற்குப் பிறகு ஒரு தவணைகூட அவர் தவறவில்லை. ஐம்பது வாரம் முடிந்தபோது அந்த நிறுவனத்தின் புத்தகத்தில் எங்கள் சந்து நூற்றுக்கு நூறு. ஆனால் அவர் எங்கள் குழாயடிக்கு வருவதை நிறுத்திவிட்டார், இன்னும் தூரத்துக் குழாய்க்குக் குடம் தூக்கினார். இந்தப் பெண்கள் ஒருவரையொருவர் 'வதினா' என்றுதான் கூப்பிடுவார்கள், நம்மூரில் அண்ணி என்பது போல. ஃபால்ஸ் தைப்பவரைப் பற்றிப் பேசும்போது மட்டும் அது 'ஆமெ' என்று ஆனது. ஆமெ என்றால் 'அவள்', அவ்வளவுதான். அந்த வருஷம் பதுகம்மா பண்டிகைக்குப் பெண்கள் தங்கேடு பூவும் குனுகுப் பூவும் அடுக்கிச் சுற்றிவந்து கைதட்டியபோது வட்டத்தில் ஒன்பது பேர்தான் இருந்தார்கள்.

இதில் கெட்டவர் என்று கைகாட்ட எனக்கு ஆள் கிடைக்கவில்லை. அந்தப் பையனுக்கு இருபத்திரண்டு வயதிருக்கும், நல்கொண்டா பக்கம் ஊர். அவனும் அன்று காலையில் சாப்பிடவில்லை. அவனுக்கு இன்னும் மூன்று மையம் பாக்கி இருந்தது. இட்லி வண்டிக்காரர் கெட்டவர் இல்லை. யோசித்துப் பார்க்கிறபோது அந்த ஒன்பது பேரின் பயம்தான் எனக்குத் தெரிகிறது. அடுத்த கடன் நின்றால் ஒருவரின் மகளுக்குப் பள்ளிக் கட்டணம் நிற்கும், இன்னொருவரின் வீட்டுக் கூரை வேலை நிற்கும். அந்தப் பயத்தை யாரோ ஒழுங்காகக் கணக்குப் போட்டு அந்தப் பாயில் உட்கார வைத்திருந்தார்கள்.

அந்தக் கணக்கின் வரலாறு நல்ல எண்ணத்தில் தொடங்கியது. 1976-இல் வங்கதேசத்தின் ஜோப்ரா கிராமத்தில் முகமது யூனுஸ் ஏழைகளுக்குச் சிறுகடன் கொடுத்துப் பார்த்தார். நிலப் பத்திரம் இல்லாதவர்களிடம் எதை நம்பிக் கொடுப்பது என்ற கேள்விக்கு ஐந்து பேர் குழு விடையாக வந்தது. பக்கத்து வீட்டுக்காரிக்கு யார் கட்டுவார், யார் கட்டமாட்டார் என்று வங்கி மேலாளரைவிட நன்றாகத் தெரியும். அது உண்மைதான். கடன் கொடுக்கிறவனுக்கு இந்த ஏற்பாட்டில் விசாரிக்கிற செலவும் மிச்சம், வசூலிக்கிற செலவும் மிச்சம். அந்த வேலை இரண்டையும் பெண்கள் கூலி இல்லாமல் செய்கிறார்கள்.

இந்தியாவில் அந்த முறையின் தலைநகரமாக ஹைதராபாத் இருந்தது. எஸ்.கே.எஸ்., ஸ்பந்தனா, ஷேர் என்ற சிறுகடன் நிறுவனங்கள் எல்லாவற்றுக்கும் தலைமையகம் இங்கேதான் இருந்தது. இதே நகரத்தின் குடிசைப் பகுதிகளில்தான் பொருளாதார அறிஞர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ ஆகியோர் சிறுகடன் பற்றிய தங்கள் ஆய்வை நடத்தினார்கள். 104 பகுதிகளை எடுத்துக்கொண்டார்கள், அவற்றில் பாதியில் மட்டும் ஸ்பந்தனா கிளை திறந்தது. 6,800-க்கும் மேற்பட்ட குடும்பங்களை விசாரித்தார்கள். முதல் கடன் 10,000 ரூபாய், 50 வாரம், குறையும் அசலுக்குக் கணக்கிட்டால் ஆண்டுக்கு 24 சதவீத வட்டி. ஏற்கெனவே தொழில் நடத்தியவர்களின் முதலீடு கூடியிருந்தது. சிலர் டி.வி., தையல் மிஷின் போல நீடித்து நிற்கும் பொருள் வாங்கியிருந்தார்கள். ஆனால் வீட்டின் மொத்தச் செலவிலோ, பிள்ளைகள் படிப்பிலோ, வீட்டில் பெண்ணின் சொல்லுக்கு இருக்கும் மதிப்பிலோ பெரிய மாற்றம் எதுவும் தெரியவில்லை. 2019-இல் நோபல் பரிசு பெற்ற இருவரின் இந்த ஆய்வு எங்கள் சந்துகளைப் பற்றியது என்பதே இங்கே பலருக்குத் தெரியாது. ஒன்றை மட்டும் நான் அதோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒரு பெண் எந்தக் குழாயில் தண்ணீர் பிடிக்கிறார் என்பது எந்தக் கணக்கிலும் வராது.

2010 ஆகஸ்டில் எஸ்.கே.எஸ். பங்குச் சந்தைக்கு வந்தது. அதே ஆண்டில், அன்று இன்னும் பிரியாத ஆந்திராவின் கிராமங்களிலிருந்து தவணை கட்ட முடியாத பெண்களின் தற்கொலைச் செய்திகள் வந்தன. அக்டோபரில் மாநில அரசு அவசரச் சட்டம் போட்டது. நிறுவனங்கள் பதிவு செய்ய வேண்டும், வாரத் தவணை கூடாது மாதத் தவணைதான், வீட்டு வாசலில் வசூல் கூடாது, வட்டி அசலைத் தாண்டக் கூடாது. எங்கள் வேப்பமரத்தடியில் பாய் நின்றுபோனது. கடன் கட்டுவதும் நின்றுபோனது. மாநிலம் முழுவதும் நூற்றுக்குப் பத்துக்கும் கீழே வசூல் இறங்கியது. சந்தோஷப்பட்டவர்களும் பிறகு தவித்தார்கள். அடுத்த அவசரத்துக்கு அவர்கள் போனது பத்து வட்டிக்குக் கொடுக்கும் தினவசூல்காரரிடம். அதனால்தான் சிறுகடனை மூடிவிட வேண்டும் என்று நான் எழுதவில்லை.

நான் எழுதவந்தது வேறு. அதே சந்தில், அதே பெண்களில் பாதிப் பேர் இருந்த இன்னொரு குழுவுக்கு 1999 முதல் பதினோரு வருஷம் நான் கணக்கு எழுதினேன். இங்கே அதைப் 'பொதுபு சங்கம்' என்பார்கள். பொதுபு என்றால் சேமிப்பு. நாளைக்கு ஒரு ரூபாய், மாதம் முப்பது ரூபாய். நெல்லூரில் பிறந்த வழக்கம் அது. 1990-களின் தொடக்கத்தில் அந்த மாவட்டத்தின் தூபகுண்டா கிராமத்தில் எழுத்தறிவு வகுப்புக்கு வந்த பெண்கள் ஒரு பாடத்தைப் படித்துவிட்டு ஊர்ச் சாராயக்கடையை மூட வைத்தார்கள். அது ஊர் ஊராகப் பரவி 1993 அக்டோபர் 1 முதல் மாநிலத்தில் சாராயம் தடையானது. புருஷனின் கையிலிருந்து மிச்சமான காசைத்தான் பெண்கள் நாளுக்கு ஒரு ரூபாயாகச் சேர்க்கத் தொடங்கினார்கள். ஒரு வகுப்பறையில் இருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துத் துணிந்ததில் ஒரு மாநிலமே மாறியது. குழுவின் சக்தியை நான் சந்தேகிக்காததற்குக் காரணம் இதுதான்.

எங்கள் சங்கத்துக்கு ஒரு தகரப் பெட்டி. பூட்டு ஒருவர் வீட்டில், சாவி ஒருவர் வீட்டில், பெட்டி இன்னொருவர் வீட்டில். உள்கடனுக்கு நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் வட்டி. ஆண்டுக்குக் கணக்கிட்டால் அதுவும் 24 சதவீதம்தான். ஆக வட்டியில் வித்தியாசம் இல்லை. உட்கார்ந்த இடம் ஒன்று, ஆட்களில் பாதி ஒன்று, ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர் கோபப்படுவதும் ஒன்று. வட்டி பெட்டிக்கே திரும்பி வந்தது என்பது ஒரு வித்தியாசம். எனக்கு அதைவிடப் பெரியதாகத் தோன்றுவது இன்னொன்று.

ஒரு முறை ஆட்டோ ஓட்டுபவரின் மனைவி மூன்று மாதம் கட்டவில்லை. புருஷனுக்குக் கால் முறிந்துவிட்டது. கூட்டம் இரண்டு மணி நேரம் நடந்தது. கடுமையான பேச்சும் இருந்தது. போன தீபாவளிக்குப் புதுச் சேலை எடுத்தாயே என்று ஒருவர் கேட்டார், அவர் அழுதார். கடைசியில் மூன்று மாதம் தவணை நிறுத்திவைக்கலாம், அபராதம் பத்து ரூபாய், பூக்கட்டுபவர் அவருடைய வீட்டுக்குப் போய் நிலைமையைப் பார்த்து வந்து சொல்ல வேண்டும் என்று முடிவாயிற்று. நான் தெலுங்கில் எழுதினேன், பதினான்கு பேரும் கையெழுத்தும் கைநாட்டும் வைத்தார்கள். அழுதவரும் வைத்தார். அடுத்த மாதக் கூட்டத்துக்கு அவர் வந்தார். குழாயடிக்கும் வந்தார்.

வேப்பமரத்தடிப் பத்துப் பேருக்கு இல்லாமல் போனது இந்த உரிமைதான். ஒருவர்மேல் கோபப்படவும், அவரைச் சந்தேகிக்கவும், பிறகு சரி போகட்டும் என்று சொல்லவும் ஒரு குழுவுக்கு உரிமை வேண்டும். கோபத்துக்கு மட்டும் இடம் விட்டு, மன்னிப்புக்கான அதிகாரத்தை நிறுவனம் எடுத்துக்கொண்டால் மிச்சம் இருப்பது நான் அன்று பத்தரை மணிக்குப் பார்த்ததுதான். முதல் வாரம் முப்பது ரூபாய் கொடுத்தபோது அந்தப் பெண்கள் மன்னிக்கத்தான் செய்தார்கள், ஆனால் தங்கள் கைக்காசைப் போட்டு. மன்னிப்பதற்கு ஏழைகள் காசு கொடுக்க வேண்டும் என்றால் இரண்டு வாரத்துக்கு மேல் யாரால் முடியும்?

சங்கம் என்றால் எல்லாம் நல்லபடி நடந்தது என்று சொல்லமாட்டேன். புருஷன் விட்டுப்போன ஒரு பெண்ணைச் சேர்க்கக் கூடாது என்று அதே பதினான்கு பேர் ஒரு மாலையில் முடிவெடுத்தார்கள். அவள் எங்கே இருப்பாள், எங்கே போவாள் என்று நமக்கென்ன தெரியும் என்றார்கள். கணக்குப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு நான் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். என் சொல்லுக்கு அங்கே மதிப்பு இருந்தது, பேசியிருந்தால் கேட்டிருப்பார்கள். அந்தப் பெண்ணின் முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை.

கூடி உட்கார்வதைக் குறை சொல்கிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். கொல்கத்தாவில் ஓர் ஆய்வு நடந்தது. சிறுகடன் வாங்கிய பெண்களில் சிலரை வாரம் ஒரு முறையும் சிலரை மாதம் ஒரு முறையும் கூட வைத்தார்கள். வாராவாரம் கூடியவர்கள் ஏறக்குறைய இரண்டு வருஷம் கழித்தும் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய்வந்துகொண்டிருந்தார்கள். அடுத்த கடனில் அவர்கள் தவறியதும் மிகக் குறைவு. பிலிப்பைன்ஸில் ஒரு வங்கி, குழுக்கள் கூடுவதை அப்படியே வைத்துக்கொண்டு, ஒருவர் கடனுக்கு மற்றவர் பொறுப்பு என்ற நிபந்தனையை மட்டும் பல மையங்களில் எடுத்துவிட்டது. மூன்று வருஷம் பார்த்தும் வசூல் குறையவில்லை. யூனுஸின் கிராமீன் வங்கியே ஒருவர் கடனை இன்னொருவர் கட்ட வேண்டியதில்லை என்று சொல்கிறது. அப்படியென்றால் பணத்தைத் திருப்பிக் கொண்டுவருவது பழக்கம்தான், பாசம்தான், முகம் பார்த்துப் பேசுவதுதான். மூக்குத்தி கழற்ற வைக்கும் நிபந்தனையால் கடன் கொடுப்பவருக்கும்கூட அவ்வளவாக லாபம் இல்லை.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. 2010-ஆம் ஆண்டின் சட்டம், ரிசர்வ் வங்கியின் கண்காணிப்பில் உள்ள நிதி நிறுவனங்களுக்குப் பொருந்தாது என்று 2023 பிப்ரவரியில் தெலங்கானா உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. போன மாதம் எங்கள் சந்துக்கு மூன்றாவது சந்தில் மறுபடியும் பாய் விரித்திருந்தார்கள். பைக்குக்குப் பதில் ஸ்கூட்டர், நோட்டுக்குப் பதில் டேப்லெட். உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர் அந்த இட்லி வண்டிக்காரரின் மருமகள்.

ரிசர்வ் வங்கி 2022-இல் போட்ட விதிகள் நல்ல விதிகள். ஒரு குடும்பத்தின் எல்லாத் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் கூப்பிடக் கூடாது. கடன் வாங்கியவர் பெயரை வெளியிடக் கூடாது, அவருடைய உறவினரையும் நண்பரையும் தொந்தரவு செய்யக் கூடாது. 2025 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றமும் கடன் வசூலில் மிரட்டலைத் தடுக்க ஒரு மசோதாவை நிறைவேற்றியது. விழுப்புரத்தில் இருக்கும் என் தங்கை அதைப் படித்துவிட்டு, "இனிமே வாசல்ல வந்து கத்தமாட்டாங்க இல்லக்கா?" என்று போனில் கேட்டாள். அவள் தெருவிலும் மகளிர் குழுக் கடன் நான்கு நிறுவனங்களிலிருந்து ஓடுகிறது.

எனக்கு அவளுக்குப் பதில் சொல்லத் தெரிந்தது இவ்வளவுதான்: இந்த விதிகள் எல்லாம் வெளியிலிருந்து வருகிற ஆளைப் பார்த்து எழுதியவை. எங்கள் சந்தில் அந்தப் பையன் வாசல்வரை வரவே இல்லை, மரத்தடியை விட்டு நகரவே இல்லை. பெயரை வெளியிட வேண்டிய தேவையும் அவனுக்கு இல்லை. பாயில் ஓரிடம் காலியாக இருந்தால் சந்துக்கே தெரிந்துவிடும். கத்தியது பக்கத்து வீட்டு வதினா. அவரைச் சிறையில் போடச் சட்டம் எழுத முடியாது, எழுதவும் கூடாது.

செய்யக்கூடியது அவர் கத்த வேண்டிய காரணத்தை எடுப்பது. தன் தவணையைக் கட்டியவர் உடனே எழுந்து வேலைக்குப் போகலாம் என்று விதியில் எழுத வேண்டும். மற்றவர் பாக்கிக்காக அவருடைய அடுத்த கடனை நிறுத்தக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, வருஷத்தில் நான்கு வாரம் எந்த உறுப்பினருக்கும் தவணை விடுப்பு கொடுக்கும் அதிகாரத்தைக் குழுவிடமே தர வேண்டும், அந்த முடிவை நிறுவனம் ஏற்றுக்கொள்ள வேண்டும். யாருக்குக் கொடுக்கலாம், யார் பொய் சொல்கிறார் என்று அவர்களுக்குத் தெரியும். அதை நம்பித்தானே கடனே கொடுக்கிறார்கள்? கட்டத் தெரிந்தவர்களுக்கு விடத் தெரியாதா? இதனால் நஷ்டம் என்பவர்களுக்கு ஒரு கணக்கு. 270 ரூபாய் ஒரு மாதம் தாமதமானால் 24 சதவீத வட்டியில் இழப்பு ஐந்து ரூபாய் நாற்பது காசு.

ஃபால்ஸ் தைத்தவர் சில வருஷங்களில் வீட்டை மாற்றிக்கொண்டு போடுப்பல் பக்கம் போய்விட்டார். டெங்குவில் பிழைத்த பையன் இப்போது செல்போன் கடையில் வேலை பார்க்கிறான். அவரோடு எனக்குப் போன் பேச்சு உண்டு. பூக்கட்டுபவருக்கு வயதாகிவிட்டது, ஆனாலும் வெள்ளிக்கிழமைகளில் ஸ்கந்தகிரி கோயிலுக்குப் போகிற வழியில் எனக்கு ஒரு முழம் கொடுத்துவிட்டுப் போவார். போன வாரம் மூன்றாவது சந்தில் பாய் விரித்ததைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம். பேச்சு நின்றதும் அவரே கேட்டார், "வதினா எப்படி இருக்காங்க?" யாரைக் கேட்கிறார் என்று புரிய எனக்கு ஒரு நிமிஷம் ஆயிற்று. நம்பர் தரட்டுமா என்றேன். வேண்டாம் என்று தலையசைத்தார். பூவை முழங்கையில் அளந்து நறுக்கினார், பிறகு சொன்னார்: "நீங்க பேசறப்போ சொல்லுங்கக்கா. முதல் வாரமும் ரெண்டாவது வாரமும் நான் முப்பது ரூபா போட்டேன். மூணாவது வாரம் என்கிட்ட நிஜமாவே இல்லை."